எட்டு மணி விசில்

ஜனவரி 12, புதன்

பாசிட்டிவ்.

மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். இந்த வீட்டில் ஒருவர் தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறாராம். போன மே மாதத்திலிருந்து இந்த மாடியில் நான் தனியாகத்தான் கிடக்கிறேன். அப்போது ஒருவரும் பசையோடு வரவில்லை.

தினமும் காய்ச்சல், ஆக்ஸிஜன், சிறுநீர் அளவு மூன்றையும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர் சங்கரலிங்கம். என் கிட்னி டாக்டர். நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. மூன்று எண்களுக்கு ஒரு பக்கமா? மிச்ச இடத்தில் என் பாட்டைப் பாடிக்கொள்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்து பாளையங்கோட்டைக்காரர்கள் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவள் நான். பேச ஆள் இல்லை என்பதற்காக வாய் சும்மா இருக்குமா?

யார் கொடுத்தது என்று தெரியும். மளிகைக் கடையில் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு என் முகத்துக்கு நேரே தும்மினானே, அவன்தான். அவன் நன்றாக இருப்பான். இப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றும் வராது.

டாக்டர் போனில் சொன்னது இது. "ஊதா மாத்திரைய இன்னைலேருந்து நிறுத்திருங்கம்மா. வெள்ளையும் சின்னதும் மட்டும் போடுங்க. ஊதா உங்க எதிர்ப்புச் சக்திய அமுக்கி வச்சிருக்கு. அத நிறுத்துனாத்தான் உடம்பு எந்திரிச்சு வைரஸோட சண்டைக்குப் போகும்."

"அப்ப கிட்னி?"

"எந்திரிச்ச உடம்பு கிட்னி பக்கமும் திரும்பலாம். அடுத்த ஆளோட உறுப்புதான. அதுக்காகத்தான் மத்த ரெண்டையும் விடாமப் போடச் சொல்லுதேன். கொஞ்சம் ரிஸ்க்தான். பாத்துக்கிடலாம்."

சரி என்றேன். அந்த 'அடுத்த ஆள்' எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் தன் கிட்னியை எனக்குக் கொடுத்தது என் வீட்டுக்காரர். அவர் எனக்கு அடுத்த ஆளா?

காய்ச்சல் 100.4. ஆக்ஸிஜன் 97. எட்டு மணிக்கு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். என் வீட்டுக்காரர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, துட்டி விழுந்த வீடு, அதனால் இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. தெருவில் குலவைச் சத்தம் கேட்டது. பனையோலை எரிகிற வாசனை வரும் என்று ஜன்னலருகே நின்றேன். மூக்கு செத்துக் கிடக்கிறது, ஒன்றும் வரவில்லை.

கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவள் பெர்னத், நர்சரிப் பள்ளி டீச்சர். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. ஆனாலும் பொங்கல் வைத்திருந்தாள். மாடிப்படியின் நடுவில் கிண்ணத்தை வைத்துவிட்டு இறங்கிப் போய் நின்றுகொண்டு கத்தினாள். "வடிவுக்கா, படியில வச்சிருக்கேன். ஆறிரும், எடுத்துக்கிடுங்க. துட்டி வீட்டுல பொங்கத்தான் கூடாது, திங்கக் கூடாதுன்னு ஒரு சட்டமும் இல்ல."

தின்றேன். இனிப்பா உப்பா என்று தெரியவில்லை. நல்லா இருந்ததா என்று கேட்டாள். ரொம்ப நல்லா இருந்தது என்றேன்.

ஜனவரி 15, சனி

சென்னையிலிருந்து என் மகள் ரஞ்சி பேசினாள். ஏழு மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தை கடைசியில் வளைகாப்பு. அது முடிந்த மறுநாள், பிப்ரவரி பத்தாம் தேதி, மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து இங்கே விடுவதாக ஏற்பாடு. மாசி பிறந்துவிட்டால் அவ்வளவு தூரம் பயணம் வேண்டாம் என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டாள். அதற்குள் எனக்கு நெகட்டிவ் ஆகவேண்டும்.

என் ரிப்போர்ட்டை அவள் படித்தாள். "சி.டி. பத்தொம்பதுன்னு போட்ருக்கும்மா." அது என்ன கருமம் என்று டாக்டரைக் கேட்டேன். மூக்கில் எடுத்த சாம்பிளை மெஷின் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிப் பார்க்குமாம். வைரஸ் நிறைய இருந்தால் சில சுற்றிலேயே கண்ணில் பட்டுவிடும், நம்பர் சின்னதாக இருக்கும். குறைவாக இருந்தால் நிறையச் சுற்றவேண்டும். நம்பர் ஏறினால் நமக்கு நல்லது.

எனக்கு இது புரிந்துவிட்டது. போன் அடித்து எத்தனையாவது மணியில் எடுக்கிறார்கள் என்கிற கணக்குதான். வீடு நிறைய ஆள் இருந்தால் இரண்டாவது மணியில் எடுப்பார்கள். ஒற்றை ஆள் கொல்லையில் இருந்தால் அடித்துக்கொண்டே இருக்கும். யாருமே இல்லை என்றால்தான் நெகட்டிவ்.

"ஒங்க வீட்டு சாரோட நம்பர் ஞாபகம் இருக்காம்மா?" என்றார் டாக்டர்.

பதினான்கு. மறக்குமா?

"அது டெல்டா. கூட்டமா ஏறும், நெஞ்சுக்குள்ளயும் எறங்கும். இப்ப சுத்துறது ஒமிக்ரான். வேகமாப் பரவுது, ஆனா மூக்குல அவ்வளவு கூட்டம் சேக்கல. சாதாரண ஆளுக்கு ஒரு வாரம் பத்து நாள்ல போயிருது. டெல்டா அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு நாளு கூட இருக்கும்."

"எனக்கு?"

"ஒங்களுக்குச் சொல்ல முடியாதும்மா. நீங்க போடுத மாத்திரைக்கு எந்தப் பேரு வச்ச வைரஸும் சொகமாத் தங்கிரும். சில பேருக்கு மாசக்கணக்காவும் இருந்திருக்கு. அதனாலதான் ஊதாவ நிறுத்தச் சொன்னேன். நிறுத்திட்டியள்ல?"

நிறுத்திவிட்டேன் என்றேன்.

என் வீட்டுக்காரர் பி.டி. வாத்தியார். அறுபது வயதில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடியவர். அவருக்கு வந்தது ஒன்பது நாளில் கதையை முடித்துவிட்டது. நான் எட்டு வருஷமாக மாத்திரையில் ஓடுகிற உடம்பு. எனக்கு வந்தது சாவகாசமாக இருக்கப் போகிறதாம்.

ஜனவரி 16, ஞாயிறு

முழு ஊரடங்கு. தெருவில் நாய்கூட இல்லை. மதியம் நானே என் லேண்ட்லைனுக்குச் செல்போனிலிருந்து போன் போட்டேன், வேலை செய்கிறதா என்று பார்க்க. அடித்தது. எடுத்து 'ஹலோ' என்றேன். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டேன்.

ஆணியில் அவருடைய விசில் தொங்குகிறது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, தவறினால் கிட்னி கோபித்துக்கொள்ளும் என்றார். அன்றிலிருந்து இவர் 'வடிவு, நேரமாச்சு' என்று சொல்லியதே இல்லை. விசில்தான். கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஊதியிருக்கிறார். என் மானம் போகும். பெர்னத் அந்தச் சத்தத்துக்குத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவாள்.

இப்போது செல்போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அது ஏதோ சிணுங்குகிறது.

சிறுநீர் 1800 மில்லி. தண்ணீர் மூன்று லிட்டர், எனக்கும் உள்ளே இருக்கிற அவருக்கும் சேர்த்து.

ஜனவரி 20, வியாழன்

காய்ச்சல் விட்டு மூன்று நாள் ஆகிறது. ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுப் போனார்கள். பெர்னத் கீழேயிருந்து பேசினாள். "ஏழு நாளு ஆச்சுல்லா? எங்க கொழுந்தன் எட்டாம் நாளே மார்க்கெட்டுக்குப் போயிட்டாரு. ஒங்களுக்கு மட்டும் என்னக்கா தனிச் சட்டம்?"

"எனக்குத் தனி உடம்பு" என்றேன்.

டாக்டர் விடவில்லை. மறுபடி டெஸ்ட். பையன் ஒருவன் வெள்ளை உடுப்பில் வந்து மூக்கில் குச்சியை மூளைவரை விட்டுத் துழாவினான். நம்பர் 24. ஏறியிருக்கிறது, ஆனால் போகவில்லை.

ஜனவரி 27, வியாழன்

நம்பர் 27. ரஞ்சிக்கு ஒரே சந்தோஷம். அவளுக்குப் பிடித்த மாவடு வாங்கி வைக்கவேண்டும். கட்டில் விரிப்பு துவைத்தேன். அவள் அறையில் தூசி தட்டினேன். மூச்சு வாங்குகிறது.

சோறு பொங்கும்போது பழக்கத்தில் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன். இரவுக்கும் அதுதான்.

பிப்ரவரி 4, வெள்ளி

நம்பர் 21.

ஏறின நம்பர் இறங்கியிருக்கிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. லேப்பில் தப்பாகப் பார்த்திருப்பார்கள் என்று மறுபடி எடுக்கச் சொன்னேன். மறுபடியும் 21.

டாக்டருக்குக் குழப்பம். "ஊதாவ நிறுத்தி மூணு வாரம் ஆச்சே. உடம்பு இதுக்குள்ள எந்திரிச்சிருக்கணுமே." எனக்கும் புரியவில்லை டாக்டர் என்றேன்.

ரஞ்சியிடம் பத்தாம் தேதி வேண்டாம் என்று சொல்லவேண்டியதாகிவிட்டது. மாமியார் நல்லவர்தான், பார்த்துக்கொள்வார் என்று நானே சொன்னேன்.

பிப்ரவரி 5, சனி

மருந்துக்கடையிலிருந்து மாத மாத்திரை வந்தது. பெர்னத் பையைப் படியில் வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளை, சின்னது, ஊதா.

ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று தனித்தனி அறை உள்ள வார டப்பாவில் நிரப்பி வைத்தேன். இன்று வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

பிப்ரவரி 7, திங்கள்

தேர்தலாம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்துகிறார்கள். 'தாய்மார்களே' என்று கூப்பிட்டது ஒரு குரல். மூன்று நாளில் என்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான். ஜன்னலில் போய் நின்றேன். ஆட்டோ திரும்பிப் போய்விட்டது.

சிறுநீர் 1900. கிட்னி பேஷாக இருக்கிறது. வலது அடிவயிற்றில், தோலுக்குக் கீழேதான் வைத்திருக்கிறார்கள். கையை வைத்தால் லேசாகத் தட்டுப்படும். எட்டு வருஷமாக அந்த இடத்தில் எதையும் பட விட்டதில்லை. பஸ்ஸில் ஏறினால் கைப்பை அந்தப் பக்கம்தான். ரஞ்சி கட்டிப்பிடித்தால்கூட இடது பக்கமாக வாங்கிக்கொள்வேன்.

பிப்ரவரி 9, புதன்

வளைகாப்பை வீடியோவில் பார்த்தேன். மாப்பிள்ளை இசக்கிராஜா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி நேரம் மின்விசிறிதான் தெரிந்தது. நடுவில் ரஞ்சி உட்கார்ந்திருந்தாள். முகம் அவள் அப்பா முகம். இரண்டு கை நிறைய வளையல். எல்லாரும் சந்தனம் பூசினார்கள். நான் இங்கே, அவள் ஊருக்கு வந்தால் போடலாம் என்று வாங்கி வைத்திருந்த வளையலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

சாயங்காலம் எல்லாரும் போனபிறகு அவளே கூப்பிட்டாள். என்ன சமையல், யார் யார் வந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"எம்மா, பின்னாடி மேசையில இருக்கே, அந்த டப்பாவக் கிட்ட கொண்டா."

"எந்த டப்பா?"

"மாத்திர டப்பா. காட்டு."

காட்டினேன். காட்டாமல் என்ன செய்வது?

"ஊதா ஏன் இருக்கு?"

"பழசுட்டி. எடுத்துப்போட மறந்துட்டேன்."

"செவ்வாக்கெழம அறை காலியா இருக்கு. இன்னைக்கு ராத்திரி அறையில ஊதா இருக்கு. நாளைக்கும் இருக்கு. இது பழசா?"

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்த டப்பாவை அவள்தான் நிரப்புவாள். என் தப்பு, கணக்கை அவளுக்கே கற்றுக்கொடுத்துவிட்டு அவளிடமே திருடப் போனது.

"நிறுத்தவே இல்லையா நீ?"

டப்பாவை மூடினேன்.

"ஒரு மாசமா நிறுத்திட்டேன் நிறுத்திட்டேன்னு டாக்டர்ட்டயும் சொல்லி, என்கிட்டயும் சொல்லி. வைரஸுக்குச் சோறு போட்டு வளத்திருக்க."

"ஒனக்குத் தெரியாதுட்டி. இது ஒங்கப்பா குடுத்தது. போச்சுன்னா திரும்பக் குடுக்க அவுக இல்ல."

"கிட்னியக் காப்பாத்தவா அப்பா ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு? ஒன்னயக் காப்பாத்தத்தான பண்ணிக்கிட்டாரு." அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்பாவும் இல்ல. பிரசவத்துக்கு நீயும் வரமாட்ட. அங்க நீங்க ரெண்டு பேரும் சேந்து இருங்க. நான் யாரும்மா ஒங்களுக்கு?"

வளையல் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள்.

அலாரம் சிணுங்கியது. போட்டேனா இல்லையா என்று இங்கே எழுதமாட்டேன்.

பிப்ரவரி 10, வியாழன்

அவள் இன்று வந்திருக்கவேண்டிய நாள்.

பிப்ரவரி 11, வெள்ளி

அவள் போன் எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்தார். "தூங்குதா அத்தை" என்றார். பின்னால் டிவி சத்தம் கேட்டது, அவள் பார்க்கிற தொடர்.

எழுதிவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன மே மாதம் அவருக்கு வந்ததும், எனக்கு ஒட்டிவிடக் கூடாது என்று உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கூடத்தில். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைப்பேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டு மணிக்கு விசில் வரும், காலையும் இரவும். நூற்றிரண்டு காய்ச்சலில் கிடந்தவருக்கு என் மாத்திரைதான் கவலை. நான் போட்டுவிட்டுக் கதவைத் தட்டவேண்டும். தட்டினால்தான் படுப்பார்.

ஒவ்வொரு நாளும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி நாள் இரவு எட்டு மணிக்கு நான் கதவருகே போய் நின்றேன். விசில் வரவில்லை. காற்றுதான் வந்தது. ஊதுகிறார், ஊதுகிறார், வெறும் காற்று. நான் கதவைத் தட்டினேன், போட்டுவிட்டேன் என்று. அப்போதுதான் நிறுத்தினார். பிறகுதான் 108க்குப் போன் செய்தேன். ஸ்ட்ரெச்சரில் போகும்போது விசில் அவர் கழுத்தில் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள், கைக்கடிகாரத்தோடு.

அந்த மாத்திரையை நிறுத்து என்று ஒரு டாக்டர் போனில் சொன்னால் நான் நிறுத்திவிடுவேனா? தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தால் எனக்குக் காதில் அந்தக் காற்றுதான் கேட்கிறது.

ஆனால் 'நான் யாரும்மா ஒங்களுக்கு' என்று ரஞ்சி கேட்டாளே. இரண்டு நாளாகப் பதில் தேடுகிறேன். உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரிச்சல் என்பார்கள், அப்படித்தான் எரிகிறது.

இரவு எட்டு. வெள்ளையும் சின்னதும் போட்டேன். ஊதாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அட்டைப் பெட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். 'மன்னிச்சுக்கிடுங்க' என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பிப்ரவரி 12, சனி

டாக்டருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

"ஏம்மா, ஒரு மாசமா ஒங்க நம்பரப் பாத்து மண்டைய ஒடச்சிட்டிருக்கேன். டாக்டர்மாரு மீட்டிங்ல வேற சொல்லிட்டேன், விசித்திரமான கேஸு ஒண்ணு வந்திருக்குன்னு."

வெட்கமாகப் போய்விட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாரா வாரம் ரத்தம் எடுத்துக் கிரியேட்டினின் பார்க்கவேண்டும் என்றார். அது ஏறினால் கிட்னிக்கு ஆபத்து என்று அர்த்தம். இத்தனை வருஷமாக எனக்கு 1.3.

ஒரு நம்பர் ஏறவேண்டும், இன்னொன்று ஏறக்கூடாது. நல்ல கூத்து.

இரவு எட்டு மணிக்குப் போன் அடித்தது. ரஞ்சி.

"போட்டியா?"

"போடல."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 16, புதன்

கிரியேட்டினின் 1.5. சிறுநீர் 1400.

எட்டு மணி. "போட்டியா?" "போடல." இன்று, "சாப்பிட்டியா?" என்றும் கேட்டாள்.

பிப்ரவரி 19, சனி

ஓட்டுப் பதிவு. கொரோனாக்காரர்கள் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்து போடலாமாம். யாருக்காவது ஒட்டவைத்து எவன் ஜெயித்து என்ன? போகவில்லை. பெர்னத் கீழே நின்று மை வைத்த விரலைக் காட்டினாள். "ஒங்க ஓட்டையும் சேத்துப் போட்டுருக்கலாம், விடமாட்டேங்கான்" என்றாள். சிரித்தேன். ஒரு மாதத்துக்கு மேலாக அவளை நான் பார்ப்பது உச்சந்தலை மட்டும்தான். வகிட்டில் நரை வந்திருக்கிறது. சொல்லவில்லை.

கால் லேசாக வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 23, புதன்

நம்பர் 27. கிரியேட்டினின் 1.7.

டாக்டர் ரொம்ப நேரம் பேசினார். "வைரஸ் எறங்குது. அது நல்ல செய்தி. ஆனா கிட்னியும் மொனங்க ஆரம்பிச்சிருச்சு. இன்னைக்கே ஊதாவத் திரும்ப ஆரம்பிச்சா கிட்னி தப்பிச்சிரும், ஆனா வைரஸ் மறுபடி காலூணிரும். இன்னும் ஒரு வாரம் பொறுத்தா வைரஸ் போயிரும்னுதான் தோணுது. கிட்னி அதுவர தாங்குமான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. சின்ன மாத்திரையக் கொஞ்சம் கூட்டித் தாரேன். மத்தது நீங்க சொல்லுங்கம்மா."

"ஒரு பேச்சுக்குக் கேக்கேன் டாக்டர். போச்சுன்னா?"

"டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு நாளு."

அதை இரண்டு வருஷம் செய்தவள் நான். ஆஸ்பத்திரி நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு நாலு மணி நேரம். பக்கத்து நாற்காலியில் அவர் பேப்பர் படித்துக்கொண்டு இருப்பார். இப்போது அந்த நாற்காலியில் யார் இருப்பார்கள்?

ஜன்னலைத் திறந்து வைத்தேன். எதிர்வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. யார் வீட்டுக் குழந்தை, எப்போது பிறந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒரு வாரம் பொறுப்போம் டாக்டர்" என்றேன்.

எட்டு மணிக்கு ரஞ்சி கூப்பிட்டபோது 1.7ஐச் சொல்லவில்லை. "போடல" என்று மட்டும் சொன்னேன். பயமாக இருக்கிறது. இதில் என்ன வெட்கம், பயமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 26, சனி

சிறுநீர் 1100. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு 'கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க' என்றேன். அவர் பொறுமைசாலி இல்லை.

மார்ச் 1, செவ்வாய்

சிவராத்திரி. நம்பர் 34. வீடு காலியாகிக்கொண்டு வருகிறது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, கடைசி ஆள் ஒருவன் கொல்லையில் மூட்டை கட்டுகிறான் போல.

மார்ச் 2, புதன்

காலையில் மாப்பிள்ளை போன். "அத்தை, பொம்பளப் பிள்ள. ரெண்டே முக்கால் கிலோ. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டாள்.

போனைக் குழந்தையின் வாயருகே பிடித்தார்கள். அழுதது. நான் செல்போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு இந்தச் சேதியை இணைத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வந்தபோது பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை. படியில் நின்று கீழே கத்தினேன். பெர்னத் பள்ளிக்குப் போய்விட்டாள்.

பிறகு சாந்தமாக உட்கார்ந்து அழுதேன். பிரசவ வலியில் அவள் யாரைக் கூப்பிட்டாளோ.

மார்ச் 4, வெள்ளி

நெகட்டிவ்.

விசிலை ஆணியிலிருந்து எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எட்டு மணிக்கு வாயில் வைத்து ஊதினேன். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினேன். தெரு முழுக்கக் கேட்டது.

பெர்னத் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "என்னக்கா, என்னாச்சு?"

"நெகட்டிவ்" என்றேன்.

இத்தனை நாள் ஏறாத படியெல்லாம் ஏறி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இடது பக்கமாக வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 5, சனி

இரண்டாவது டெஸ்டும் நெகட்டிவ். கிரியேட்டினின் 1.6. டாக்டர் ஊதாவைப் பாதி அளவில் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார்.

"பழைய 1.3 வருமா டாக்டர்?"

"அது வராதும்மா. கொஞ்சம் போயிருச்சு. இருக்கிறத வச்சுக் காப்பாத்துவோம். எத்தனை வருசம்னு கேக்காதீங்க."

கேட்கவில்லை. அவர் கொடுத்ததில் கொஞ்சத்தை நான் செலவழித்துவிட்டேன். எதற்குச் செலவழித்தேன் என்று கேட்டால் பதில் சொல்வேன்.

மார்ச் 6, ஞாயிறு

நெல்லை எக்ஸ்பிரஸ். ஜன்னலோரம். பையில் மாவடு, வளையல், பழைய வேட்டியில் கிழித்துத் தைத்த குழந்தைத் துணி, விசில். இரண்டு முகக்கவசம் போட்டிருக்கிறேன். எதிர் சீட்டுக்காரர் தும்மினார். முறைத்த முறையில் மேல் பெர்த்துக்கு ஏறிவிட்டார்.

வண்டி கிளம்பும்போது கூவியது. எட்டு மணி தாண்டியிருந்தது. மாத்திரை போட்டேன்.

மார்ச் 7, திங்கள்

சென்னை. ரஞ்சி முகம் வெளுத்துப் போயிருந்தது. வாசலிலேயே என்னைப் பார்த்து, "நெஜமாவே வந்துட்டியா" என்றாள். கையில் வளைகாப்பு வளையல் ஒன்றிரண்டு மிச்சம் இருந்தது. குளித்து, துணி மாற்றி, கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்த பிறகு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

கண்ணைத் திறக்கவில்லை. வாயை மட்டும் அசைத்தது. நெற்றி அப்படியே அவர் நெற்றி. தலை என் இடது கையில் இருந்தது, கால் வலது பக்கம். தூக்கத்திலேயே எத்தியது. சின்னக் குதிகால், சரியாகக் கிட்னி இருக்கிற அந்த இடத்தில் பட்டது.

ரஞ்சி பதறிக் கையை நீட்டினாள். "எம்மா, அங்க படுது. இந்தப் பக்கம் திருப்பி வையி."

"படட்டும்" என்றேன்.